நாற்பது மார்க்கும் ஒரே ஒரு ஓட்டும்

முதல் நாள்: கொலோன்

மகள் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆயிற்று. கதீட்ரலைப் பார்த்தாயிற்று, ரைன் நதியில் படகிலும் போயாயிற்று. "இனிமேல் நான் தனியாகச் சுற்றிக்கொள்கிறேன் மாப்பிள்ளை, ரயில் டிக்கெட் மட்டும் போட்டுக் கொடுங்கள்" என்றேன். "எங்கே மாமா, பாரிஸா?" என்று உற்சாகமாகக் கேட்டவர், எஸ்ஸன், ஹனோவர் என்றதும் அடங்கிப்போனார். ஹனோவரை யாராவது சுற்றிப் பார்க்கப் போவார்களா என்று சமையலறையில் மகளிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

விஷயம் இதுதான். வங்கியில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். பயிற்சி வகுப்புக்கு அனுப்பும்போதெல்லாம் ஜெர்மனியின் பொருளாதார அதிசயத்தைப் பற்றி யாராவது ஒருவர் பேசுவார். தரைமட்டமான நாடு, 1948இல் புது நாணயம், எர்ஹார்ட் என்ற சுருட்டு பிடிக்கும் மனிதர், மறுநாள் காலை கடைகளில் சரக்கு. கதை அங்கேயே முடிந்துவிடும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தச் சரக்கைப் பார்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தொழிற்சங்கத்தில் இருந்தவன் என்பதால் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்று ரீல் பகுதியில் இருக்கும் புனித எங்கல்பர்ட் தேவாலயத்துக்குப் போனேன். முதலில் எதிர்த்திசை டிராமில் ஏறி அரை மணி நேரத்தைத் தொலைத்தது தனிக்கதை. செங்கல்லால் கட்டிய வட்டக் கோயில். கூரை மடிப்பு மடிப்பாக எழுந்து நிற்கிறது. 1930களின் தொடக்கத்தில் டொமினிகுஸ் ப்யோம் கட்டியது. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் "எலுமிச்சை பிழியும் கருவி". பார்த்தால் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது.

1946 டிசம்பர் 31 இரவு இங்கேதான் கொலோன் பேராயர் கர்தினால் ஃப்ரிங்ஸ் பேசினார். நூற்றாண்டின் கொடிய குளிர்காலங்களில் ஒன்று அது. ரேஷனில் ஒரு நாளைக்கு 1,550 கலோரி என்று காகிதத்தில் இருக்கும். சுரங்கங்கள் நிறைந்த ரூர் பகுதியில் மோசமான வாரங்களில் ஆயிரம்கூடக் கைக்கு வரவில்லை. கரி இல்லை. ஜனங்கள் சரக்கு ரயிலில் ஏறிக் கரியைத் திருடினார்கள். உழைத்தும் கேட்டும் கிடைக்காதபோது, உயிரையும் உடம்பையும் காப்பாற்றத் தேவையானதை ஒருவன் எடுத்துக்கொள்ளலாம் என்கிற பொருளில் கர்தினால் சொன்னார். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து கரி திருடுவதற்கு "ஃப்ரிங்ஸன்" என்று புது வினைச்சொல் பிறந்துவிட்டது. அதே மூச்சில் அவர், பலர் இந்த எல்லையையும் தாண்டிவிட்டார்கள், அநியாயமாக எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் கடவுளிடம் மன்னிப்பு இல்லை என்றும் சொன்னார். அந்த வாக்கியத்திலிருந்து வினைச்சொல் எதுவும் பிறக்கவில்லை.

மகள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மாவுக்கு எண்பத்தாறு வயது. கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். மாலையில் கேக் கொண்டுவந்தவரிடம் மாப்பிள்ளை மூலம் கேட்டேன். சிரித்துவிட்டார். சிக்னலில் ரயில் மெதுவாகும் இடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியுமாம். அண்ணன் மேலே ஏறி "க்ல்யூட்டன்" கட்டிகளைத் தள்ளிவிடுவான்; கொலோன் பாஷையில் பழுப்புக் கரிக்கட்டிக்கு அதுதான் பெயர். ஏழு வயதுப் பெண்ணான இவர் பாவாடையில் பொறுக்குவார். "அப்பாவுக்குப் பிடிக்காது. ஆனால் அடுப்பு எரிந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்" என்றார்.

இரண்டாம் நாள்: ஃப்ராங்க்ஃபர்ட்

மத்திய வங்கியின் பண அருங்காட்சியகத்துக்குள் போனவன் மதியம் வரை வெளியே வரவில்லை. என்னைப் போன்றவனுக்கு அது திருப்பதி.

1948இன் முதல் மார்க் நோட்டை உற்றுப் பார்த்தேன். வெளியிட்ட வங்கியின் பெயர் இல்லை. கையெழுத்து இல்லை. என் கவுண்டரில் நீட்டியிருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பேன். அமெரிக்காவில் அச்சடித்து, பெட்டி பெட்டியாகக் கப்பலில் ப்ரெமர்ஹாஃபனுக்கு ரகசியமாகக் கொண்டுவந்தார்கள். சட்ட வாசகங்களையும் படிவங்களையும் எழுத, கஸ்ஸல் அருகே ரோட்வெஸ்டன் படைமுகாமுக்கு ஜெர்மன் நிபுணர்களை ஜன்னல் மறைத்த பேருந்தில் கூட்டிப்போய் ஏழு வாரம் உட்கார வைத்தார்கள். நாணயத்தை மாற்றும்போதே இழப்பையும் எல்லோருக்கும் பகிர்ந்துவிட வேண்டும் என்று அவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். அதை நீங்களே பிறகு பார்த்துக்கொள்ளுங்கள் என்று நேச நாடுகள் ஒதுங்கிக்கொண்டன.

1948 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை. தலைக்கு 40 மார்க், பிறகு இன்னொரு 20. எல்லோரும் ஒரே கோட்டில் நின்று ஓட்டத்தைத் தொடங்கினார்கள் என்பார்கள். பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் கோடு எங்கே என்று தெரிந்துவிடும். சம்பளமும் வாடகையும் ஒன்றுக்கு ஒன்று. வங்கிச் சேமிப்போ, வெட்டி ஒட்டிய கடைசிக் கணக்கில் 100 பழைய மார்க்குக்கு ஆறரை. ஆயிரம் சேர்த்து வைத்த விதவைக்கு 65 மார்க். வீடு வைத்திருந்தவருக்கு வீடு அப்படியே இருந்தது. இயந்திரம் வைத்திருந்தவருக்கு இயந்திரம், கிடங்கில் துணியைப் பதுக்கியிருந்தவருக்குத் துணி. திங்கட்கிழமை காலை கடைகளில் திடீரென்று முளைத்த சரக்கு ஒரே ராத்திரியில் உற்பத்தியானதல்ல. சனிக்கிழமையும் அது கிடங்கில்தான் இருந்தது.

பொருளாதார நிர்வாகத்தின் இயக்குநராக இருந்த எர்ஹார்ட் அதோடு நிற்காமல் பெரும்பாலான பொருள்களின் விலைக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார். அப்போது ஜெர்மனிக்கு அரசாங்கமே இல்லை. போரில் ஜெயித்து ஆண்டுகொண்டிருந்த அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளின் மண்டலங்களை இணைத்து ஒரு பொருளாதார மன்றம் மட்டும், இந்த ஊர் பங்குச்சந்தைக் கட்டடத்தில் கூடிக்கொண்டிருந்தது. இடதுசாரிக் கட்சியான சோஷல் டெமாக்ராட்டுகள் எதிர்த்து ஓட்டுப் போட்டும் சட்டம் நிறைவேறியது. இன்று அந்த வாசலில் வெண்கலக் காளையும் கரடியும் நிற்கின்றன. ஜோடி ஜோடியாக வந்து காளையோடு மட்டும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கரடிப் பக்கம் நான் மட்டும்தான்.

மூன்றாம் நாள்: ஸ்டுட்கார்ட்

கால் வலி. அதனால் கொஞ்சம்தான் நடந்தேன்.

கோனிக்ஸ்ட்ராஸே என்ற கடைவீதி, அரண்மனைச் சதுக்கம். 1948 அக்டோபர் 28 அன்று பல்லாயிரம் தொழிலாளர்கள் விலைவாசியை எதிர்த்து இந்த மையப் பகுதியில் கூடினார்கள். ஜூனில் மின்னிய கடைக்கண்ணாடிகள் அக்டோபரில் எரிச்சலைக் கிளப்பின. விலை ஏறிக்கொண்டே போனது, சம்பளம் மட்டும் சட்டத்தால் உறைந்திருந்தது. அந்தக் கோடையில் முட்டை விலைக்காகச் சந்தைகளில் சண்டையே நடந்திருக்கிறது. கூட்டம் முடிந்து கலையும்போது சிலர் கடைவீதியில் கல்லெறிந்தார்கள். அமெரிக்க ராணுவம் கண்ணீர்ப்புகையோடும் கவச வண்டிகளோடும் வந்தது. ஊரடங்கு.

இரண்டு வாரம் கழித்து, 1948 நவம்பர் 12 அன்று, அமெரிக்க, பிரிட்டிஷ் மண்டலங்கள் முழுக்க 24 மணி நேர வேலைநிறுத்தம். சுமார் 90 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். மேற்கு ஜெர்மனியில் அதற்குப் பிறகு அப்படி ஒரு பொது வேலைநிறுத்தம் நடந்ததே இல்லை. தெருக்கள் ஞாயிற்றுக்கிழமை போல வெறிச்சோடிக் கிடந்தன. சங்கங்களின் முன்னணியில் இருந்த ஹான்ஸ் ப்யோக்லர் சமயம் பார்த்து அடிக்கத் தெரிந்தவர். ஒரு நாள் என்றால் ஒரு நாள்தான், மறுநாள் எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

எர்ஹார்ட் பதவி விலகவில்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தையும் தாண்டிவிட்டார். ஆனால் அந்த நவம்பரிலேயே சம்பள உறைவு நீக்கப்பட்டது. எளிய துணியும் செருப்பும் கட்டுப்படியான விலையில் கிடைக்க "எல்லோருக்குமான திட்டம்" என்று ஒன்றை அவருடைய நிர்வாகமே நடத்தியது. அதிசயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த நவம்பரைக் காலண்டரிலிருந்து கிழித்துவிடுகிறார்கள். என் பயிற்சி வகுப்பில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நான் தூங்கியிருக்கமாட்டேன்.

நான்காம் நாள்: பான்

இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு நாட்டின் தலைநகரமாக இருந்ததற்கான அலட்டல் துளியும் இல்லை.

முதலில் கோனிக் அருங்காட்சியகம். உயிரியல் காட்சிசாலை. ஸ்கூல் பிள்ளைகள் யானையைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். 1948 செப்டம்பர் 1 அன்று அரசியல் சட்டம் எழுதும் மன்றத்தின் தொடக்க விழா இந்தக் கூடத்தில்தான் நடந்தது. குண்டு விழாமல் தப்பிய பெரிய கூடம் வேறு கிடைக்கவில்லை. பஞ்சடைத்த மிருகங்களை மறைத்தும் நகர்த்தியும் பார்த்தார்கள், ஒட்டகச்சிவிங்கி மட்டும் எட்டிப் பார்த்தது என்று சொல்வார்கள். ஓட்டுரிமை கொண்ட 65 உறுப்பினர்களில் 4 பேர் பெண்கள். அதில் ஒருவர் கஸ்ஸலைச் சேர்ந்த வழக்கறிஞர் எலிசபெத் செல்பர்ட், சோஷல் டெமாக்ராட். "ஆணும் பெண்ணும் சம உரிமை உடையவர்கள்" என்ற ஒற்றை வரிக்காக நின்றார். முதலில் தோற்றார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பெண்கள் கட்டுக்கட்டாக மனு அனுப்பினார்கள். 1949 ஜனவரியில் அந்த வரி உள்ளே வந்தது. இன்றும் மூன்றாவது ஷரத்தில் இருக்கிறது.

அங்கிருந்து நடந்தால் பழைய நாடாளுமன்றப் பகுதி. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை மாற்றிப் பாராளுமன்றமாக்கினார்கள். 1949இன் அவைக்கூடம் இப்போது இல்லை, 1980களில் இடித்துவிட்டார்கள். புதிதாகக் கட்டியது கண்ணாடி மயம்.

முதல் தேர்தல் 1949 ஆகஸ்ட் 14. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சித் தலைவர் அடேனவரின் கூட்டுக்கு 31 சதவீதம், ஷூமாகரின் சோஷல் டெமாக்ராட்டுகளுக்கு 29.2. கம்யூனிஸ்டுகளுக்கும் 15 இடம். செப்டம்பர் 15 அன்று சான்சலரை, அதாவது அரசாங்கத் தலைவரை, தேர்ந்தெடுக்க 402 பேர் கொண்ட அவையில் 202 ஓட்டு தேவை. அடேனவருக்கு விழுந்தது சரியாக 202. தனக்குத்தானே போட்டுக்கொண்டதும் அதில் சேர்த்தி. வயது 73. நாலு வருஷம் முன்புதான் கொலோன் மேயர் பதவியிலிருந்து பிரிட்டிஷ்காரர்கள் அவரை, வேலை சரியில்லை என்று, நீக்கியிருந்தார்கள். எங்கள் சங்கத் தேர்தலில் ஒரு ஓட்டில் ஜெயித்தவர் மூன்று மாதம் தாங்கவில்லை. இவர் 14 வருடம் இருந்தார்.

எதிரே உட்கார்ந்தவர் குர்ட் ஷூமாகர். முதல் உலகப் போரில் வலது கை போயிற்று. நாஜி முகாம்களில் ஏறக்குறைய பத்து வருடம். 1948இல் இடது காலையும் எடுத்தார்கள். அவருடைய செயலாளர் அன்னமரி ரெங்கர் தோள்கொடுக்க, ஒற்றைக் காலோடு அவர் நடந்து வரும் படத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அந்த ரெங்கர் 1972இல் இதே அவைக்குத் தலைவரானார், முதல் பெண் தலைவர்.

முதல் உரையிலேயே ஷூமாகர் சொன்னது, அரசின் சாரம் ஆளுங்கட்சியும் அல்ல எதிர்க்கட்சியும் அல்ல, இரண்டும் சேர்ந்ததே என்பது. பதினாறு வருடம் முன்பு எதிர்த்தவனை முகாமுக்கு அனுப்பிய நாட்டில், அந்த முகாமிலிருந்து வந்தவர் இதைச் சொல்கிறார். ஆனால் அவர் நாக்கு நெருப்பு. 1949 நவம்பரில் நேச நாடுகளோடு அடேனவர் செய்த உடன்பாட்டின் மீது விடிய விடிய விவாதம், நள்ளிரவு தாண்டி ஷூமாகர் "நேச நாடுகளின் சான்சலர்!" என்று கத்தினார். இருபது அமர்வுகளுக்கு வெளியே போ என்றார்கள். பிறகு சமாதானமாகித் தண்டனையைக் குறைத்தார்கள். கம்யூனிஸ்டுகளைச் சிவப்புச் சாயம் பூசிய நாஜிகள் என்றவரும் இவரே. எனக்கு அவரை முழுசாகப் பிடிக்கிறது என்று சொல்லமாட்டேன். ஐரோப்பாவோடு சேர்ந்த கரி, எஃகு ஒப்பந்தத்தை எதிர்த்ததில் அவர் கணக்கு தப்பிவிட்டது என்றே நினைக்கிறேன்.

அடேனவர் கணக்கும் அந்தச் சமயத்தில் தப்பாகத்தான் தெரிந்தது. 1950 பிப்ரவரியில் வேலையில்லாதவர்கள் 20 லட்சம். கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஜெர்மானியர்கள் மட்டும் சுமார் 80 லட்சம் பேர், அவர்களில் பலர் வேலை கிடைக்காத கிராமங்களில். அந்த ஆண்டு ஜூனில் கொரியப் போர் வெடித்து உலகம் முழுக்க இயந்திரத்துக்கும் எஃகுக்கும் கிராக்கி வராவிட்டால் எர்ஹார்டின் பெயர் எந்தப் பாடத்திலும் வந்திருக்குமா தெரியாது. ரோட்வெஸ்டனில் தள்ளிப்போட்ட அந்தச் சுமைப் பகிர்வு 1952இல் சட்டமானது. 1948 ஜூனில் சொத்து வைத்திருந்தவர்கள் அதில் பாதி மதிப்பை முப்பது வருடத் தவணையில் கட்ட வேண்டும். எல்லாம் இழந்தவர்களுக்கு அந்தப் பணம். தவணை நீளமாக இருந்ததால் பணக்காரர்கள் தாங்கிக்கொண்டார்கள். ஆனாலும் பாதி!

இன்னொன்று. இஸ்ரேலுக்கு இழப்பீடு தரும் ஒப்பந்தம் 1953 மார்ச்சில் அவைக்கு வந்தபோது அடேனவரின் சொந்தக் கூட்டணியிலேயே பலர் நழுவிவிட்டார்கள். ஆதரவு 239, எதிர்ப்பு 35, ஓட்டுப் போடாமல் ஒதுங்கியவர்கள் 86. நிறைவேற்றிக் கொடுத்தது சோஷல் டெமாக்ராட்டுகள்.

டிராமில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனேன். பாட் கோடஸ்பெர்க் ஷ்டாட்ஹாலே. இந்த மண்டபத்தில்தான் 1959 நவம்பரில் அந்தக் கட்சி மார்க்ஸியத்தை விட்டு, முடிந்தவரை போட்டி, தேவையான அளவு திட்டமிடல் என்று புது வழி எடுத்தது. மண்டப வாசலில் காபி குடித்துவிட்டு அதே டிராமில் திரும்பினேன்.

ஐந்தாம் நாள்: எஸ்ஸன்

காலையில் ட்ஸோல்ஃபெரைன் சுரங்கம். 1986இல் மூடிவிட்டு இப்போது அருங்காட்சியகம். சிவப்பு இரும்புக் கோபுரம் அழகுதான், ஆனால் நான் வந்தது 1951க்காக. சுரங்கத்திலும் எஃகு ஆலையிலும் நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளருக்கு என்று ப்யோக்லர் கேட்டார். சங்கம் ஓட்டெடுப்பு நடத்தியது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வேலைநிறுத்தத்துக்குத் தயார். அடேனவர் அவரைக் கூப்பிட்டுப் பேசி ஜனவரியில் முடித்தார். பிப்ரவரியில் ப்யோக்லர் இறந்தார், மே மாதம் சட்டம் வந்தது. மறு வருடம் மற்றத் தொழில்களுக்கான சட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது.

மதியம் க்ரூகா பூங்கா. ரோஜாவும் மயிலும் குழந்தை வண்டியும். 1952 மே 11 அன்று மறுபடி ராணுவம் அமைப்பதை எதிர்த்து இளைஞர்கள் இந்தப் பக்கம் திரண்டார்கள். ஊர்வலத்துக்குக் கடைசி நேரத்தில் தடை. போலீஸ் சுட்டதில் முனிச்சிலிருந்து வந்த 21 வயது ரயில்வே தொழிலாளி ஃபிலிப் முல்லர் செத்தார். இன்னும் இருவருக்குக் குண்டுக்காயம். தற்காப்பு என்று கோர்ட் சொல்லிவிட்டது. புதிய குடியரசில் போலீஸ் குண்டுக்கு இறந்த முதல் ஆர்ப்பாட்டக்காரர். நான்கு வருடம் கழித்து, 1956 ஆகஸ்ட் 17இல், கம்யூனிஸ்ட் கட்சியையே அரசியல் சட்ட நீதிமன்றம் தடைசெய்தது. அதற்கு முந்தைய தேர்தலில் அந்தக் கட்சி வாங்கியது 2.2 சதவீதம். இத்தனை சின்ன எதிரிக்கு இத்தனை பெரிய பூட்டு எதற்கு என்று கேட்டுக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கிழக்கு ஜெர்மனியில் 1953 ஜூனில் தொழிலாளர்கள் மேல் சோவியத் டாங்கிகள் ஏறியதைப் பார்த்தவர்களின் பயம் அது என்பதும் தெரியாமல் இல்லை.

மழை வந்தது. அறைக்குத் திரும்பி ஈரக் காலுறையை ஹீட்டரில் போட்டேன்.

ஆறாம் நாள்: ஹனோவர்

மாப்பிள்ளை சொன்னது பாதி உண்மை. ரயிலில் சுற்றுலாப் பயணி நான் ஒருவன்தான் என்று தோன்றியது.

லிண்டன் பகுதியின் யாகோப்ஸ்ட்ராஸேயில் நடந்தேன். 1945இல் இடிபாடுகளுக்கு நடுவே இங்கேதான் ஷூமாகர் அலுவலகம் போட்டுக் கட்சியை மறுபடி கட்டினார். இப்போது துருக்கிக் கடைகள், சைக்கிள்கள், தள்ளுவண்டியில் இரட்டைக் குழந்தைகள். பிறகு ரிக்லிங்கன் கல்லறைத் தோட்டம். 1952 ஆகஸ்ட் 20இல் பானில் இறந்தவரைச் சாலை வழியாக இங்கே கொண்டுவந்தார்கள். வழி நெடுக ஜனங்கள் நின்றார்களாம். கல்லறையை ஒரு படம் எடுத்து, "கீழ்வீட்டம்மாவிடம் காட்டுங்கள்" என்று மாப்பிள்ளைக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்.

திரும்பும் ரயிலில் அவர் போன் செய்தார்.

"மாமா, அந்தம்மா படத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாங்க. அன்னைக்கு அவங்களும் அப்பாவோட ரோட்டோரம் நின்னாங்களாம். பதின்மூணு வயசு."

"அப்பா அந்தக் கட்சியா?"

"உயிரா இருப்பாராம். 1950இல் ஒரு வருஷம் வேலையில்லாம இருந்தவரு. அம்மா அடேனவர் பக்கம். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு மேஜையில அரசியல் பேசக்கூடாதுன்னு வீட்டுல சட்டமாம்."

"அப்புறம்?"

"1957 தேர்தல்ல அப்பாவும் அடேனவருக்கே போட்டுட்டாராம், மாமா. அந்த வருஷம் தாத்தாவோட பென்ஷன் எக்கச்சக்கமா ஏறிடுச்சாம்."

அந்த ஓய்வூதியச் சட்டம் எனக்குத் தெரியும். சம்பளம் ஏற ஏறப் பென்ஷனும் ஏறும் என்று 1957 ஜனவரியில் வந்தது. ஷூமாகரின் கட்சியும் அதற்குக் கை தூக்கியது. செப்டம்பரில் அடேனவர் கூட்டுக்கு 50.2 சதவீதம்.

"அம்மாவுக்குச் சந்தோஷமா இருந்திருக்குமே" என்றேன்.

"அவங்ககிட்ட சொல்லவே இல்லையாம் மாமா. சாகற வரைக்கும்."